மேல்தளம்: காலி

தக்கலை தாலுகா ஆபீஸ் மதிலை ஒட்டிய
இ-சேவை மையத்தில் எனக்கு மூன்றாவது கம்ப்யூட்டர்.
வாடகைக்காரர்களுக்கு உதவித்தொகை என்று
நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து
ஈரக்குடையோடு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள்.

முளகுமூட்டுக் கொத்தனார்
சாளை விலையில் ஆரம்பித்து
தேங்காயில் வந்து நின்று மூச்சுவிட்டார்.
"வாடகை எவ்வளவு அண்ணே?"
போன வருசம் நாலரை, இப்போ ஆறரை.
வாயால் சொல்லவில்லை, விரலால் காட்டினார்
பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

ஒன்பதாம் கட்டத்தில் எல்லோருக்கும் தட்டும்:
உரிமையாளர் கையொப்பமிட்ட ஒப்பந்தம்.
"வாய்ப்பேச்சுதான் பிள்ளே" என்பார்கள்.
வாய்ப்பேச்சை ஸ்கேன் செய்ய
இந்த மெஷினில் வழியில்லை.

எனக்கும் வாய்ப்பேச்சுதான்.
ராஜையன் சார் வீட்டு மாடி,
இரண்டு அறை, ஷீட் போட்ட அடுக்களை.
அட்வான்ஸ் கொடுத்த அன்று அபிஷாவுக்கு இரண்டு பல்.
இப்போது ஒன்று விழுந்துவிட்டது.
வருசம் ஐந்நூறு கூடும் என்பது பேச்சு,
இந்த முறை ஆயிரத்தைந்நூறு.
"வெளிய விசாரிச்சுப் பாருங்க, கேட்டியளா"
மிரட்டலாகச் சொல்லவில்லை,
மரத்துக் கொய்யாவை என் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

அரசாங்கம் எனக்கு ஒன்றும் தராமல் இல்லை.
காலை பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டில் பூஜ்யம்.
ஆபீஸ் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்.
வீட்டுப் படியில் மட்டும் கூட ஏறாது.
இலவச நூறு யூனிட்
கீழ்வீட்டு மீட்டரில் இறங்கி
அங்கேயே காலை நீட்டிக்கொள்ளும்.
மாடிக்கு ஏறி வருவது
யூனிட் ஒன்பது ரூபாய் கரண்ட்.

நேற்று, டோக்கன் முப்பத்தேழு.
நிமிர்ந்தால் ராஜையன் சார்.
அவர் மற்ற இரண்டு மேசையையும் பார்த்தார்.
ஒன்றில் பிரிண்டர் கோளாறு,
ஒன்றில் ஆள் டீ குடிக்கப் போயிருந்தாள்.

சொத்துவரிப் படிவம்.
கீழ்த்தளம்?
"நாங்கதான்."
மேல்தளம்?
சொந்தம், வாடகை, காலி:
திரையில் மூன்று சின்ன வட்டங்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் துடைத்தார், வெகுநேரம்.
"மருந்துக்கே மாசம் நாலாயிரம் ஆவுது ஷீஜா.
பென்ஷன் இல்லாத பள்ளிக்கூடம்,
உனக்குத் தெரியாததா."

தெரியும். அக்காவுக்கு மூச்சிரைக்கும் இரவுகளில்
எங்கள் தரை வழியாகக் கேட்கும்.
வாடகை என்று போட்டால் வரி கூடும்,
கூடின வரி படியேறி என்னிடம்தான் வரும்
என்றும் தெரியும்.

"காலி" என்றார்,
என்னைப் பார்க்காமல்.

அமுக்கினேன்.
நான், வினுகுமார், அபிஷா,
அரிசி டிரம், இரண்டு நாளாகக் காயாத யூனிஃபார்ம்
எல்லாம் ஒரு சொடுக்கில் வெளியேறினோம்.
கட்டணம் அறுபது. நூறு தந்தார்.
மீதி நாற்பதை எண்ணிக் கொடுத்தேன்.
கதவு வரை போய்த் திரும்பி வந்து
"தேதி ஆறு ஆச்சு பிள்ளே" என்றார்,
அடுத்த டோக்கனுக்குக் கேட்காதபடி.

ராத்திரி காலி மாடியில்
லைட்டைப் போட்டேன், மிக்சியை ஓடவிட்டேன்.
படிக்கட்டின் அடியில் சப்மீட்டரின் சிவப்புப் புள்ளி
வேகமாக மினுக்கியது.
இந்த வீட்டில் ஆளிருப்பதை
எழுதி வைக்கிற ஒரே பொருள் அது.
வினு கேட்டான், என்ன சிரிப்பு என்று.
சொல்லவில்லை.

என் விண்ணப்பமும் அதே கம்ப்யூட்டரில்
ஒன்பதாம் கட்டம் வெறுமையாக, வரைவில் கிடக்கிறது.
முப்பது நாள் ஆனால் தானே அழிந்துவிடும்.
இன்று பதினேழு.